பாட்டா, கீபோர்டா, செஸ்ஸா, சிலம்பமா: ஒரு பள்ளி ஆண்டை எது தாங்கும்?

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்திலேயே வாசலில் நோட்டீஸ் விழ ஆரம்பித்துவிடும். அபாகஸ், செஸ், கீபோர்டு, பரதம், சிலம்பம், கையெழுத்துப் பயிற்சி. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: கவனம் கூடும், ஞாபக சக்தி வளரும், தன்னம்பிக்கை வரும். அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

மதுரையில் ஆறாம் வகுப்பு மகளையும் மூன்றாம் வகுப்பு மகனையும் வைத்துக்கொண்டு நான் போடும் கணக்கு வேறு. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அக்டோபரிலிருந்து மழை, டிசம்பரில் அரையாண்டு, பொங்கலுக்கு ஊர், ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு. நடுவே காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து. எந்த வகுப்பில் சேர்த்தாலும் வருடத்தில் இரண்டு மூன்று முறை விட்டுப்போகத்தான் செய்யும். விட்டுப்போன பிறகு திரும்பப் போனால், விட்ட இடத்திலிருந்து பிடிக்க முடிகிறதா, இல்லை மறுபடி முதலிலிருந்தா? நான் ஒப்பிட்டுப் பார்ப்பது இதைத்தான்.

பாட்டும் கீபோர்டும்

எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அப்பத்தாவுக்குப் பேத்தி பாட வேண்டும். பேத்திக்குக் கீபோர்டு வேண்டும், தோழி வாசிக்கிறாள் என்பதால்.

பாட்டுக்கு வாங்க வேண்டியது ஒரு நோட்டு மட்டும். சுருதிப் பெட்டிகூட போனிலேயே வந்துவிட்டது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அப்புறம் ஜண்டை வரிசை, அலங்காரம், இந்தச் சுரப் பயிற்சியெல்லாம் தாண்டித்தான் கீதம் என்கிற எளிய பாட்டு. ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாடிப் பழக வேண்டும். ஆக, முதல் வருடத்தில் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் முன்னால் பாடிக் காட்ட ஒன்றும் இருக்காது. "எங்கே, ஒரு பாட்டுப் பாடு" என்று சித்தப்பா கேட்கும்போது பிள்ளை ஸரிகமபதநி பாடினால், பாவம், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. விவரமான டீச்சர்கள் நடுவில் ஒரு நாமாவளியோ திருப்புகழோ சொல்லிக்கொடுத்து இந்த வறட்சியைச் சமாளிப்பார்கள். சேர்க்கும் முன் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீபோர்டு இதற்கு நேர் எதிர். சில வாரங்களிலேயே பிறந்தநாள் பாட்டை வாசித்துவிடுவார்கள், வீடே மகிழ்ந்துபோகும். செலவுதான் முன்னாலேயே வந்து நிற்கும். 61 கட்டை, பெரிய அளவுக் கட்டை, அழுத்துவதற்கேற்ப ஒலி கூடிக் குறைகிற மாதிரி, கேஸியோவோ யமஹாவோ, அதற்குக் குறைந்து வாங்கிப் பயனில்லை. பொம்மை கீபோர்டில் கட்டைகள் குறுகலாக இருக்கும், விரல் அந்த அகலத்துக்கே பழகிவிடும். அடுத்து டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு தேர்வு. இனிஷியலில் தொடங்கி எட்டாவது கிரேடு வரை போகும். தேர்வில் மூன்று உருப்படிகள் வாசிக்க வேண்டும். பல இடங்களில் பிள்ளைகள் அந்த மூன்றை மட்டுமே மாதக்கணக்கில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். சான்றிதழ் வந்த மறுநாள் நாலாவதாக ஒன்றை வாசிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். தேர்வில் குற்றமில்லை. கற்றுக்கொடுப்பவர் வேறெதுவும் வாசிக்க விடுகிறாரா என்பதுதான் விஷயம்.

விட்டுப்போனால் என்ன ஆகும்? கீபோர்டில் விரல் மரத்துப்போகும், ஆனால் புத்தகம் இருக்கிறது, பார்த்து மீட்டுக்கொள்ளலாம். பாட்டில் புத்தகம் அவ்வளவாக உதவாது, சுரம் கொஞ்சம் விலகினாலும் டீச்சர் காதுதான் கண்டுபிடிக்கும். ஆனால் பாட்டை எங்கும் எடுத்துப்போகலாம். பொங்கலுக்கு ஊரில், குளிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம், மாடியில் துணி காயப்போடும்போது என்று மகள் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள். உட்கார்ந்து சாதகம் செய்யச் சொன்னால்தான் வராது. கீபோர்டைப் பீரோ மேலிருந்து இறக்கி, ஸ்டாண்டு போட்டு, ஒயரைத் தேடிச் செருகுவதற்குள் பாதி ஆசை போய்விடும். எங்கள் வீட்டில் பாட்டுதான் வென்றது, அப்பத்தா சொன்னதற்காக அல்ல. பையன்கள் விஷயத்தில் மட்டும் ஒன்று: பன்னிரண்டு பதிமூன்று வயதில் குரல் உடையும், அப்போது சில மாதம் பாட்டு படுத்திவிடும். அவனைச் சேர்ப்பதென்றால் சின்ன வயதிலேயே சேர்ப்பது நல்லது.

செஸ்ஸும் சிலம்பமும்

இவை இரண்டும் மோதுவது சனி, ஞாயிறு காலைக்காக. 2022இல் மாமல்லபுரத்தில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதற்கப்புறம் எந்தத் தெருவில் திரும்பினாலும் செஸ் அகாடமி பலகைதான். ஆசைப்படுவதில் தப்பில்லை.

நோட்டீஸில் எழுதாதது இது: செஸ் என்பது வகுப்பு மட்டும் அல்ல, போட்டிகளும் சேர்ந்ததுதான். போட்டிக்கே அனுப்பாமல் வகுப்பு மட்டும் என்றால் ஆறு மாதத்தில் பிள்ளைக்குச் சலித்துவிடும். அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஏதாவது ஒரு கல்லூரி அரங்கு அல்லது கல்யாண மண்டபம். ஒன்பது மணி என்று போட்டிருப்பார்கள், முதல் சுற்று தொடங்கப் பத்தரை ஆகும். சுவிஸ் முறை என்பதால் தோற்றவர் வெளியே போவதில்லை. அடுத்த சுற்றில் ஏறக்குறைய அதே புள்ளியில் இருக்கும் இன்னொரு பிள்ளையோடு ஆட வேண்டும். குழந்தைக்கு இது மிக நல்ல ஏற்பாடு, பெற்றோருக்குத்தான் சோதனை. சாயங்காலம் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் படிக்கட்டில்தான் செஸ்ஸின் நல்லதும் கெட்டதும் தெரியும். எட்டு வயதுப் பையன் ஒருவன் தலையைத் தொங்கப்போட்டு வெளியே வருவான். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்ற விதியில் மாட்டியிருப்பான். யோசிக்காமல் மந்திரியைத் தொட்டிருப்பான், எதிரே இருந்த பெண் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டிருப்பாள். அவனுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிற அப்பாவும் உண்டு, "என்ன மூவ் ஆடினே, வெச்சுக் காட்டு" என்று அங்கேயே போர்டை விரிக்கிற அப்பாவும் உண்டு. இரண்டாவது வகை வீடு என்றால் செஸ்ஸை ஒரு வருடம் தள்ளிப்போடலாம்.

இன்னொன்று, "ஒரே வருடத்தில் சர்வதேச ரேட்டிங்" (ஆட்டத் திறனுக்கான புள்ளி) என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். 2024 மார்ச்சிலிருந்து உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தன் பட்டியலின் குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000இலிருந்து 1400க்கு உயர்த்திவிட்டது. முன்பு 1050, 1100 என்று பட்டியலில் வந்த பிள்ளைகள் இப்போது அந்த ஆட்டத்தோடு உள்ளே வர முடியாது. ரேட்டிங் போட்டிகளின் நுழைவுக் கட்டணமும் மாவட்டப் போட்டி மாதிரி இருக்காது.

சிலம்பத்தில் செலவு என்பது ஒரு கம்பு. நின்றால் நெற்றியைத் தொடுகிற உயரம், அவ்வளவுதான். பிள்ளை வளர வளரக் கம்பு மாறும். விடிகாலை ஆறு மணிக்கு மைதானத்தில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். பல ஆசான்கள் ஆரம்பத்தில் கம்பையே கொடுப்பதில்லை, காலடி வரிசைதான். கம்பு வந்தபின் முதல் எதிரி தன் கம்புதான். முழங்கையிலும் காது மடலிலும் தட்டும், கணுக்காலில் பட்டால் ஒரு நிமிடம் பேச்சு வராது. மகன் அதோடு அழுதுவிட்டு வருவான் என்று பார்த்தேன். தழும்பைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டு வந்தான். இடது கையாலும் சுற்றச் சொல்வார்கள், வகுப்பின் பாதிச் சிரிப்பு அங்கேதான்.

சிலம்பத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு, உலக சாதனை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்து, ஆளுக்கொரு சான்றிதழும் பதக்கமும் கொடுப்பது. கட்டணம் தனி. அந்த நேரத்துக்கு ஒரு காலடிச் சுவடு கூடுதலாகக் கற்றுக்கொள்ளலாம். நான் அனுப்புவதில்லை.

என் அளவுகோலில் இரண்டும் தேறும். செஸ்ஸை இரண்டு மாதம் விட்டாலும் கற்றது போகாது. சிலம்பமும் உடம்பில் ஏறிவிட்டால் திரும்ப வந்துவிடும். மழைதான் வித்தியாசம். அக்டோபர், நவம்பரில் மைதானம் சேறாகிவிடும், சிலம்பம் பாதி நாள் நடக்காது. அதனால் எங்கள் வீட்டில் வருடம் முழுக்கச் சிலம்பம், மழைக்காலத்தில் மட்டும் வீட்டில் செஸ் போர்டு. பள்ளியில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் நாற்காலி வேண்டாம் என்பது என் எண்ணம். பிள்ளை தானாகவே போர்டை எடுத்துவைத்து, ஆள் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் தானே ஆடுகிறது என்றால் கதை வேறு. அங்கே செஸ்ஸுக்கே போங்கள்.

நீச்சல்: குளமா, கிணறா?

எல்லா வகுப்புகளிலும் விட்டுப்போனால் கவலைப்படத் தேவையே இல்லாதது நீச்சல். ஒரு முறை மிதக்கப் பழகிவிட்டால் அடுத்த கோடையில் இறங்கினாலும் மிதக்கலாம். அதனால் இதற்கு ஆண்டு முழுவதும் பணம் கட்டாதீர்கள். ஏப்ரல், மே கோடை முகாம் போதும். மதுரையில் ரேஸ் கோர்ஸ் விளையாட்டரங்கக் குளம் மாதிரி அரசுக் குளங்கள் பெரிய ஊர்களில் உண்டு. சித்திரைத் திருவிழாவும் அதே சமயம் வரும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் குளத்தில் யாரும் இறங்கமாட்டார்கள் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி குளத்துக்கும் ஊர்க் கிணற்றுக்கும்தான். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தாத்தா இடுப்பில் கயிற்றைக் கட்டி, முதுகில் காலி கேனைக் கட்டித் தள்ளிவிடுவார். அவர் காலத்தில் அது சுரைக்குடுக்கை. கிணற்றில் பயம் சீக்கிரம் போய்விடும், கீழே கால் எட்டாது என்பது முதல் நாளே புரிந்துவிடும். ஆனால் தலையை வெளியே தூக்கிக்கொண்டே நீந்துவார்கள், சீக்கிரம் களைத்துவிடும். குளத்தில் கம்பியைப் பிடித்துக் காலடிப்பதில் ஆரம்பித்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விட்டு, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்கிற வரை ஒழுங்காக வரும். ஆழத்தை மட்டும் குளத்தில் கற்றவர்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் குளம், அப்புறம் பெரியவர் துணையோடு கிணறு, இதுதான் எங்கள் வரிசை. நல்ல வெயில் வருடங்களில் மே மாதம் கிணற்றில் தண்ணீரே இருப்பதில்லை என்பதும் ஒரு காரணம். இரண்டையும் கற்ற பிள்ளைகூட நண்பர்களோடு கண்மாய்க்குப் போகக் கூடாது. அடியில் சேறும் கொடியும் காலை இழுத்தால் எந்த நீச்சலும் உதவாது.

இந்தியும் அபாகஸும்

இவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1918இல் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் தேர்வுகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று படிப்படியாகப் போகும். பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் ஒரு டீச்சர் வீட்டுக் கூடத்தில் நடக்கும், கட்டணம் குறைவு. ஒரு தேர்வு தவறினால் அடுத்ததை எழுதலாம் என்பதால் என் அளவுகோலில் நல்ல மதிப்பெண்தான். பிப்ரவரித் தேர்வு முழு ஆண்டுத் திருப்புதலோடு மோதும், ஆகஸ்டுதான் வசதி. ஆனால் கேள்வி பதிலை மனப்பாடம் செய்து எழுதித் தேறிய பிள்ளைகள் ரயிலில் ஒரு இந்திக்காரரிடம் தண்ணீர் பாட்டில் கேட்கத் தயங்குவதைப் பார்க்கிறோம். மொழி பேச வர வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டும்.

மணிச்சட்டத்தை வைத்துக் கணக்குப் பழக்கும் அபாகஸ் இந்தப் பட்டியலிலேயே பலவீனமானது. தினமும் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டால்தான் வேகம் நிற்கும். தேர்வு மாதத்தில் விட்டால் வேகம் போய்விடும், அதே லெவலைத் திரும்பச் செய்ய வேண்டி வரும். கூட்டல் கழித்தல் வேகமாக வருவது உண்மை. ஆனால் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் தடுமாறுவது கூட்டலில் அல்ல, கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்வதில். அதற்கு மணிச்சட்டத்தில் வழியில்லை.

எதிலுமே சேர்க்காவிட்டால்?

இதையும் ஒரு போட்டியாளராகவே பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை ஷட்டில், கிரிக்கெட், சண்டை, சமாதானம் எல்லாம் நடக்கிறது. கட்டணம் இல்லை, மழை விட்டதும் தானாகத் தொடங்கிவிடும். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது, மாதம் ஒரு முறை போனாலும் யாரும் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. பணம்தான் தடை என்றால் அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களை விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் போன்றவற்றை மிகக் குறைந்த கட்டணத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள். பலகை வைத்து விளம்பரம் செய்வதில்லை என்பதால் பலருக்குத் தெரிவதே இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரே வகுப்புதான், வாரத்தில் மீதி மாலைகள் தெருவுக்கு. அதற்கே ஒரு ஸ்கூட்டரும் ஒரு பெரியவரும் முழுநேரமாகத் தேவைப்படுகிறது.

கடைசியாக, பணம் கட்டும் விதம். மாதக் கட்டணமா, ஆண்டுக் கட்டணமா என்று கேட்பார்கள், ஆண்டுக்குக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். மகள் யுகேஜி படித்தபோது ஒரு நடன வகுப்பில் இப்படித்தான் சொன்னார்கள். பாதியில் நின்றால் பணம் திரும்ப வராது, வேண்டுமானால் தம்பிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். தம்பி அப்போது சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான். தள்ளுபடியைவிடத் தேர்வு மாதங்களில் வராவிட்டால் அந்தக் கட்டணத்தை அடுத்த மாதத்துக்கு எடுத்துக்கொள்வார்களா என்பது முக்கியம். செப்டம்பர், டிசம்பர், ஏப்ரல் என்று மாதத்தின் பேரைச் சொல்லியே கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றுதான் பதில் வரும்.