வைஃபை அடிக்கடி கட் ஆகும் லேப்டாப்: கார்டு மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

இது 2019-ல் வாங்கிய நடுத்தர விலை லேப்டாப். 15.6 அங்குலத் திரை, பிளாஸ்டிக் உடல், உள்ளே ஒற்றை ஆன்டெனாவோடு ஒரு வைஃபை 5 கார்டு. அந்தக் கார்டில் நான்கு ஆண்டு, இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டுக்கு மாறிய பிறகு இரண்டு ஆண்டு என ஆறு ஆண்டுகளாக ஓடுகிறது. புகார்கள் மூன்று. இருந்தாற்போல இணைப்பே அறுந்து, தானாக மறுபடி ஒட்டும். சில நேரம் வைஃபை குறி முழுதாக நிற்கும், பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். சில காலைகளில் லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை பட்டனே இருக்காது. மூன்றையும் 'வைஃபை சரியில்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. புதுக் கார்டு தீர்த்தது முதலாவதை மட்டும்தான். மற்ற இரண்டும் காசில்லாமல் தீர்ந்தவை.

எதையும் மாற்றும் முன் பழுது எந்தப் பக்கம் என்று பார்த்துவிட வேண்டும். இதற்கு பிங் போதும், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று காட்டும் கட்டளை. கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் அடித்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் ரவுட்டரின் முகவரி வரும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இரண்டு கறுப்பு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் மற்றதில் வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கும் பிங் போடுங்கள். முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு ஹைஃபன், டி என்ற எழுத்து சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடும். கால் மணி நேரம் ஓடட்டும். பிறகு கன்ட்ரோல்-சி.

பக்கம் மட்டும் சுற்றும் இரண்டாம் புகாரை முதலில் பார்ப்போம். ரவுட்டர் ஜன்னலில் 2, 3 மில்லி செகண்டில் பதில் ஒழுங்காக வந்து, 8.8.8.8 மட்டும் 'டைம்டு அவுட்' ஆனால் லேப்டாப்பில் கை வைக்கவே வேண்டாம். அது வெளி லைன். ஃபைபர் பெட்டியில் லாஸ் விளக்கு (வெளி கேபிளில் ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிகிறதா என்று பார்த்துவிட்டு இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடலாம். இரண்டும் ஒழுங்காக இருந்தும் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மேல், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை மேல், சந்தேகம் வர வேண்டும். வைஃபை அமைப்பில் அதை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் போட்டுப் பாருங்கள். ரவுட்டருக்கே பதில் தவறுகிறது என்றால் பழுது காற்றிலோ லேப்டாப்பிலோ இருக்கிறது. அப்போது மட்டுமே இனி வரும் வேலைகளுக்கு அர்த்தம் உண்டு.

இந்த லேப்டாப்பில் ரவுட்டர் பிங் இன்னொரு விதமாகவும் நடந்துகொண்டது. 3, 2, 3 என்று போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென 98, 140 என்று ஒரு துள்ளல், பிறகு மறுபடி 3. பேட்டரியில் ஓடும்போது மட்டும்தான் இப்படி. கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்குவதன் அடையாளம் அது. ரவுட்டர் ஏறத்தாழ 102 மில்லி செகண்டுக்கு ஒரு முறை பீக்கன் என்ற அறிவிப்பை அனுப்பும். தூங்கும் கார்டு அந்த நேரத்தில்தான் கண் திறந்து தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும். வீடியோ பார்க்கும்போது முன்கூட்டியே சேமித்துக்கொள்வதால் இது தெரியாது. ஜூம் பேச்சில் குரல் நறுக்கு நறுக்காகக் கேட்கும்.

இதைச் சரிசெய்ய இரண்டு இடங்கள் உண்டு. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதன் அட்வான்ஸ்டு பகுதியில் 'வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ்' இருந்தால் பேட்டரிக்கும் சேர்த்து 'மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்' வைக்க வேண்டும். அடுத்து டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் தாவல். மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்று அனுமதி கேட்கும் முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். புது லேப்டாப்புகள் பலவற்றில் இந்தத் தாவலே இருக்காது. அது கோளாறு அல்ல, அவற்றின் தூக்க முறை வேறு. உபுண்டு லினக்ஸில் இதே வேலையை நெட்வொர்க் மேனேஜரின் வைஃபை பவர்சேவ் வரி செய்கிறது. அங்கே 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் தூக்கம் நிற்கும்.

அடுத்தது சிக்னல். டாஸ்க்பாரில் தெரியும் வளைகோடுகளை நம்ப வேண்டாம். 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' என்ற கட்டளை சிக்னலைச் சதவீதமாகத் தரும். அதைப் பாதியாக்கி 100-ஐக் கழித்தால் சிக்னல் பலத்தை அளக்கும் டிபிஎம் கணக்கு வந்துவிடும். 80 சதவீதம் என்றால் -60, 60 சதவீதம் என்றால் -70. வீடியோ பேச்சுக்கு -67 வரை கவலையில்லை. -75-ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும், -80-ல் அறுந்துபோவது சகஜம்.

நம் ஊர் வீடுகளில் ரவுட்டரை வைக்கும் இடம்தான் பாதிப் பிரச்சினை. லைன் உள்ளே வரும் இடத்திலேயே, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலோ பரண் மேலோ மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தூண் ஒன்று, படுக்கையறையில் இரும்பு பீரோ ஒன்று. பீரோ என்பது ஆளுயர இரும்புத் தகடு. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடியும் இருந்தால் அதன் பின்பூச்சும் உலோகம். ரவுட்டருக்கும் மேசைக்கும் இடையில் அது நின்றால், சுவர் ஒன்றுதான் என்றாலும் வைஃபையின் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் தாங்காது. ரவுட்டரை ஓரடி ஈரடி நகர்த்தி நேர்க்கோட்டிலிருந்து பீரோவை விலக்கிவிட்டு அதே கட்டளையை மறுபடி அடித்துப் பாருங்கள். வேறு எதையும் வாங்கும் முன் செய்ய வேண்டியது இது.

அலைவரிசை விஷயத்தில் சுருக்கமாக. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் 40 வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சத்தமும் சேர்ந்து வரும். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை உள்ள சேனல்கள் நிம்மதி. 52 முதல் 144 வரை ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் அடையாளம் கேட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு ஓட வேண்டும், அரை மணி நேரம் அங்கே திரும்பக் கூடாது என்பது விதி. 'ஆட்டோ' என்று விட்டிருக்கும் ரவுட்டர் இந்தச் சேனல்களில் போய் உட்கார்ந்தால் வீட்டில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் கட் ஆகும். அப்படி நடந்தால் ரவுட்டரில் 36 அல்லது 149 என்று நிலையாகப் போட்டுவிடுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் வேறு வேறு பெயர் வைப்பதும் நல்லது. அப்போதுதான் லேப்டாப் எதில் இருக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரியும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாதது. யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டிஸ்கில் காப்பி ஓடும்போது வயர்லெஸ் மவுஸும் திக்கினால் இதுதான் காரணம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், இல்லையென்றால் டிஸ்கை எதிர்ப்பக்க போர்ட்டில் போடுங்கள்.

வைஃபை பட்டனே காணாமல் போவதற்கு வருவோம். இதில் ஒரு துப்பு உண்டு: ஷட்டவுன் செய்து திறந்தால் தீராது, ரீஸ்டார்ட் செய்தால் தீரும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் இதற்குக் காரணம். அது ஷட்டவுனின்போது விண்டோஸின் மையப் பகுதியான கர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்கிறது. குழம்பிப்போன டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், குழம்பிய நிலையிலேயே எழுந்திருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' பக்கம் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டால் போதும். இந்த லேப்டாப்பில் அதற்குப் பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை. ரீஸ்டார்ட்டுக்கும் மசியாமல் கார்டு டிவைஸ் மேனேஜரில் 'கோட் 10' என்ற பிழை எண்ணைக் காட்டினால் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் கழற்றி, பவர் பட்டனை 30 செகண்ட் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் தீராதது முதல் புகார். அதற்கு ஆதாரம், விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் இருந்தது. அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூலேன்-ஆட்டோகான்ஃபிக், ஆபரேஷனல் என்று உள்ளே போனால் 8001 என்பது இணைந்த நேரம், 8003 என்பது அறுந்த நேரம். 8003-ஐத் திறந்தால் காரணமும் எழுதியிருக்கும். நல்ல சிக்னலிலும் 'டிரைவர் துண்டித்தது' என்றே திரும்பத் திரும்ப வந்தது. லேப்டாப் தயாரிப்பாளர் தளத்திலிருந்து வேறு டிரைவர் பதிப்புகள், பிறகு நெட்வொர்க் ரீசெட் என்று எல்லாம் செய்தும் மாறவில்லை. அப்போதுதான் கார்டு மாற்றுவது நியாயமாகிறது.

வாங்கும் முன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். மெலிதான லேப்டாப்புகள் பலவற்றில் வைஃபை சிப் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், மாற்ற வழியில்லை. தனிக் கார்டு என்றால் அது எம்.2 2230 அளவா, அதாவது 22-க்கு 30 மில்லிமீட்டரா என்று பாருங்கள். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று ஒன்றில் முடிபவை குறிப்பிட்ட இன்டெல் போர்டுகளில் மட்டும்தான். விலை குறைவு என்று இவற்றை வாங்கி ஏமாறுவோர் நிறைய. ஏஎக்ஸ்210-க்கு 64-பிட் விண்டோஸ் 10 அல்லது 11 வேண்டும். லினக்ஸ் என்றால் கர்னல் 5.10 அல்லது அதற்கு மேல்.

டிரைவரைப் பென் டிரைவில் முதலில் எடுத்து வையுங்கள், மாற்றியபின் நெட் இருக்காது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆன்டெனா வயர்கள் இருக்கும் நிலையில் ஒரு போட்டோ எடுங்கள். வயர் நுனியில் இருப்பது மிளகை விடச் சிறிய வட்டத் தொப்பி. பக்கவாட்டில் இழுக்காமல், நகத்தைக் கீழே கொடுத்து நேர் மேலாகத் தூக்க வேண்டும். ஸ்குரூவை எடுத்ததும் கார்டு தானாகச் சாய்வாக எழும். புதியதைச் செருகி, ஸ்குரூ போட்டு, தொப்பியை வட்டத்தின் மேல் சரியாக உட்கார வைத்து, விரலால் நேர் கீழே அழுத்துங்கள். 'டிக்' என்று உணர்வது கைக்குத் தெரியும். தெரியாமல் இரண்டாம் முறை பலமாக அழுத்தினால் தொப்பி நசுங்கிவிடும். இந்தத் தொப்பிகள் 30 முறை கழற்றி மாட்டும் அளவுக்கே செய்யப்பட்டவை.

பழைய கார்டு ஒற்றை ஆன்டெனா என்பதால் இதில் ஒரே வயர்தான் இருந்தது. உள்ளே ஒட்டும் பட்டை ஆன்டெனா ஒன்றை, எம்ஹெச்எஃப்4 என்ற அதே சிறு தொப்பி நுனியோடு, வாங்கி உலோகம் படாத ஓரத்தில் ஒட்டி, கார்டின் இரண்டாம் இடத்தில் மாட்ட வேண்டியிருந்தது. இது விட்டுவிடக் கூடாத வேலை. ஒற்றை வயரோடு ஓட்டினால் புதுக் கார்டின் பாதிப் பலன்தான் கிடைக்கும். முன்பு அதிகபட்ச இணைப்பு வேகம் 433 எம்பிபிஎஸ், அதே வைஃபை 5 ரவுட்டரில் இப்போது 866.

இரண்டு ஆண்டில் 8003 வரிகள் லேப்டாப்பை மூடும்போதும் ரவுட்டரை அணைக்கும்போதும் மட்டுமே வந்திருக்கின்றன. பேட்டரி கொஞ்சம் வேகமாகத் தீர்கிறது, அது தூக்கத்தை நிறுத்தியதற்கான விலை. விண்டோஸின் பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்குப் பிறகும் டிரைவர் மாறி, எடுத்த டிக் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். அப்டேட் முடிந்த அன்றே பார்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

ஆறாம் ஆண்டில் புதிதாக ஒன்று தலைகாட்டியது. திரையை நிமிர்த்தினால் சிக்னல் 84 சதவீதம், பின்னால் சாய்த்தால் 50. கார்டைக் குறை சொல்ல இடமில்லை. ஆன்டெனா வயர் திரைக்குப் போகும் வழியில் கீல் வழியாக வளைகிறது, ஆண்டுக்கணக்கில் திறந்து மூடியதில் உள்கம்பி நைந்துவிடும். திரைச் சட்டத்தைக் கழற்றி வயரோடு ஆன்டெனாவை மாற்ற வேண்டும். புது வயரைக் கீலருகே விறைப்பாக இழுக்காமல் சின்ன வளையமாகத் தளர விட்டு, சட்டத்தைத் திரும்ப மாட்டும் முன் திரையை நாலைந்து முறை மெதுவாகத் திறந்து மூடி, எங்கும் நசுங்கவில்லை என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.