பாகாயம் சாலை நர்சரியில் வாங்கிய மயில் கலாத்தியா

கடந்த பங்குனியில், வேலூரில் பாகாயம் செல்லும் சாலையோரத்தில் பச்சை நிழல்வலைக்கு அடியில் நடக்கும் ஒரு நர்சரியில், 350 ரூபாய் கொடுத்து மயில் கலாத்தியா என்ற அழகுச் செடி ஒன்றை வாங்கினேன். வெளிர்பச்சை இலையில் நடுநரம்பின் இருபுறமும் கரும்பச்சைத் திட்டுகள் தோகைக் கண்களாகப் பரவியிருக்க, அடிப்புறம் ஊதா நிறமாக இருந்தது. இலையடியில் பூச்சி இல்லை, வேரிலும் அழுகல் இல்லை. செடியின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை.

குறையெல்லாம் சொல்லி அனுப்பியதில்தான். "டெய்லி தண்ணி ஊத்துங்க அக்கா, ஜன்னல் பக்கம் வெச்சா போதும்" என்றார் கடைக்காரர். பிரேசில் மழைக்காட்டில் பெருமரங்களின் நிழலில், ஈரக்காற்றில் வளரும் இனம் இது. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் மேற்கு ஜன்னல் அதற்கு அடுப்பங்கரை. போதாக்குறைக்கு, நீரில்லா ஆறு ஓடும் ஊர் என்று பெயரெடுத்த வேலூரில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது உப்பேறிய போர் தண்ணீர். நீர் ஆவியாகிவிட, உப்பு இலை விளிம்பில் தங்கிவிடுகிறது. மூன்றே வாரத்தில் விளிம்பெல்லாம் சுட்ட அப்பளம்போல் பழுப்பேறிச் சுருண்டது. திரும்பப் போய்க் கேட்டபோது உரம் போடச் சொன்னார்கள். உரமும் ஓர் உப்புதான் என்பதை அங்கே யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு நானே வழி செய்துகொண்டேன். செடியை வடக்குப் பார்த்த அறைக்கு மாற்றி, இரண்டு முறை அலசிய கோகோபீட்டில், அதாவது தென்னை நார்த் துகளில் நட்டு, ஏ.சி. குழாயில் சொட்டும் உப்பில்லா நீரை வாளியில் பிடித்து ஊற்றி வருகிறேன். பழுத்த விளிம்பு மீண்டும் பச்சையாகவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் ஆடியில் ஒரு புது இலை பீடிபோல இறுகச் சுருண்டு வந்து, பழுதில்லாமல் விரிந்தது. காம்பும் இலையும் சேரும் இடத்தில் உள்ள சிறு முட்டியில் நீரழுத்தம் மாறுவதால், இருட்டியதும் இலைகள் நிமிர்ந்து, ஊதா அடிப்புறத்தைக் காட்டி நிற்கின்றன. வயிற்றுக்கு ஆகாத நாளில் கஞ்சி காய்ச்சும் கூவைக் கிழங்கும் இதே குடும்பம் என்றபோது என் மாமியார் நம்பவில்லை.

2012-இல் தாவரவியலாளர்கள் மயில் கலாத்தியாவைக் கோயப்பெர்ட்டியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டாலும், கடைச் சீட்டில் இன்றும் கலாத்தியாதான்; அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். இந்த நர்சரியில் செடி வாங்கலாம், ஆனால் ஐப்பசி மழை தொடங்கிய பிறகு வாங்குங்கள். தொட்டி மாற்றித் தர அவர்கள் கேட்கும் 60 ரூபாயை மட்டும் கொடுக்க வேண்டாம். வெறும் செம்மண்ணை அழுத்தித் திணித்துத் தருகிறார்கள்.