உருண்டை முனையா, குழி முனையா?

9 மி.மீ. பிஸ்டலுக்குத் தோட்டாவைக் கையால் நிரப்புபவர்களுக்கு வரும் குழப்பம் இது: நுனி உருண்டையான குண்டா, நுனியில் குழி உள்ள குண்டா? இரண்டு குண்டின் எடையும் ஒன்றுதானே, அதே அளவு வெடிமருந்து போதாதா? போதாது.

வேகம்: உருண்டை முனை நீண்டு வெளியே நிற்கும். குழி முனை மொட்டையானது. தோட்டாவின் மொத்த நீளமும் பெரும்பாலும் குறைவு. அதனால் குண்டின் அடி, வெடிமருந்து இருக்கும் உறைக்குள் ஆழமாக இறங்கும். கணக்கு எளிது: குண்டின் நீளத்தோடு உறையின் நீளமான 19.15 மி.மீ.யைக் கூட்டி, மொத்த நீளத்தைக் கழியுங்கள். குண்டு 14.5, மொத்தம் 27.5 என்றால் 6.15 மி.மீ. உள்ளே. இந்தச் சின்ன உறையில் அந்த ஆழம் அரை மி.மீ. கூடினாலே மருந்துக்கான இடம் சுருங்கி அழுத்தம் எகிறும். வேகமும் கூடத்தான் செய்யும், ஆனால் அது ஓசியில் வந்த வேகம் இல்லை.

துப்பாக்கிக்குள் ஏறுவது: உருண்டை முனை வழுக்கிக்கொண்டு போகும். குழி முனை சிலவற்றில் சிக்கும்.

செலவு: உருண்டைதான் மலிவு.

பயிற்சிக்கு உருண்டை முனை எடுங்கள். குறி துல்லியம் வேண்டுமென்றால் குழி முனை. அப்போது அந்தக் குண்டுக்கே உரிய கையேட்டு அளவில், குறைந்த மருந்திலிருந்து தொடங்குங்கள்.