7-ஐ விட்டு நகராத முள்: மண் மீட்டருடன் மூன்றரை ஆண்டுகள்

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். பச்சை டப்பா, கீழே இரண்டு கம்பிகள், மேலே ஒரு முள். "விலை நல்லா குறைஞ்சிருக்கு. உங்ககிட்ட இருக்கறது இதுதானே? வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்.

ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஈரம், வெளிச்சம், பிஎச் (மண் அமிலமா காரமா என்று சொல்லும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) என்று மூன்றையும் காட்டும், பேட்டரி இல்லாத மண் மீட்டர் இது. தோட்டம் வைத்திருக்கும் பலரும் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் காட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் நான் திருப்பவே இல்லை.

பிஎச் பக்கம்தான் என் கோபம் எல்லாம். பாத்தியில் குத்தினால் 7. தொட்டியில் குத்தினால் 7. மக்கு உரக் குவியலில் 7. கம்பியைத் துடைத்து, மண்ணை நனைத்து, பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தாலும் 7, சில நாள் 6.8. பெரும்பாலான காய்கறிகளுக்கு 6 முதல் 7 வரை நல்லது என்று படித்திருந்ததால் முதல் ஆண்டு முழுக்க நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியில், கையில் கிடைத்த விறகுச் சாம்பலையும் சாம்பல் சத்துக்காக (பொட்டாசியம்) பாத்தியில் தூவி வந்தேன்.

அப்புறம் மிளகாய்ச் செடிகளின் இளம் இலைகள் மஞ்சளாகின. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எல்லாம் வெளிறிய மஞ்சள். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் முதலில் கீழே இருக்கும் முதிர்ந்த இலைதான் மஞ்சளாகும். நுனியில் புது இலை இப்படி ஆனால் பெரும்பாலும் இரும்புச் சத்துப் பிரச்சினை. கார மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் பூட்டிக்கொள்ளும். ஆனால் மீட்டர் 7 என்கிறதே! மண் காரமாக இருக்க வாய்ப்பில்லை என்று நம்பி, தழைச்சத்தையே மேலும் மேலும் கொடுத்தேன். செடி தேறவில்லை. ஒரு பருவம் வீணாகப் போயிற்று.

கடைசியில் மண்ணைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். முடிவு: 8.3. பிஎச் என்பது மடக்கை அளவு. 1909-இல் டென்மார்க்கைச் சேர்ந்த வேதியியலாளர் சோரன்சன் அதை அப்படித்தான் வகுத்தார். ஒரு எண் ஏறினால் அமிலத் தன்மை பத்து மடங்கு குறையும். 7-க்கும் 8.3-க்கும் இடையே ஏறத்தாழ இருபது மடங்கு வித்தியாசம். அந்தத் தாளைப் பார்த்த அன்று மீட்டரைத் தூக்கி எறியத்தான் தோன்றியது.

ஏன் இப்படி என்று பிறகு தேடிப் படித்தேன். இரண்டு கம்பிகளும் வெவ்வேறு உலோகம். ஈர மண்ணில் குத்தியதும் அவை இரண்டும் ஒரு சின்ன மின்கலம் போல வேலை செய்து மின்சாரம் பிறக்கிறது, அதுதான் முள்ளைத் தள்ளுகிறது. மண்ணில் எவ்வளவு ஈரம், எவ்வளவு உப்பு, கம்பியை மண் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது, எல்லாமே அந்த மின்சாரத்தை மாற்றும். இத்தனைக்கும் நடுவே கார அமிலத் தன்மையை மட்டும் அந்த முள் எப்படிப் பிரித்துச் சொல்லும்? காற்றில் தூக்கிப் பிடித்தாலும் என் மீட்டரின் முள் 7-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இதை எண் போட்டு விற்பது தவறு, அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

பிஎச் தெரிய வேண்டும் என்பவர்கள் பாத்தியில் எட்டுப் பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ பரிசோதனைக்கு அனுப்புங்கள். வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் நிறம் மாறும் திரவமோ தாளோ போதும். அரை எண் முன்னே பின்னே காட்டினாலும் திசை தப்பாது. காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். என் மண் நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மண்ணில் கந்தகம் போட்டுப் பிஎச்சை இறக்க நினைப்பது பெரும்பாலும் வீண், சுண்ணாம்பே அதைத் தின்றுவிடும். காரத்தை ஏற்றும் சாம்பலை நான் நிறுத்தினேன். கார மண்ணிலும் கரைந்தே இருக்கும் வகை இரும்பைக் கொடுத்தேன். மற்றதை மக்கு உரத்திடம் விட்டுவிட்டேன்.

சரி, இனி நல்லதையும் சொல்ல வேண்டும்.

நான் தினமும் தண்ணீர் ஊற்றும் ஆளாக இருந்தேன். மேல் மண் காய்ந்து வெடித்திருக்கும், இலை தொங்கும், உடனே தண்ணீர். ஈரப் பக்கம் திருப்பி ஆழமாகக் குத்திப் பார்த்த அன்று முள் கோடி வரை ஓடியது. மேலே புழுதி, கீழே சேறு. நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம், அதில் நீரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நான் அத்தனையையும் நீரால் நிரப்பி வேரை மூச்சுத் திணற வைத்திருக்கிறேன். வேர் மூச்சுத் திணறினாலும் இலை தொங்கத்தான் செய்யும். அன்று முதல் தண்ணீர் பாதியாகக் குறைந்தது, செடிகள் தெளிந்தன. உரம் போட்ட கையோடு மட்டும் இந்த முள்ளையும் நம்பாதீர்கள். உப்பு ஏறினால் காய்ந்த மண்ணையும் ஈரம் என்று சொல்லும்.

ஆனால் நான் எதிர்பார்க்கவே இல்லாத பலன் வேறு. அது முள்ளிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது.

பாத்தியின் ஒரு மூலையில் கம்பி பாதிக்கு மேல் இறங்கவே இறங்காது. அழுத்தினால் கை வலிக்கும். முதலில் கல் என்று நினைத்தேன். நாலு விரல் தள்ளிக் குத்தினாலும் அதே ஆழத்தில் அதே முட்டல். தோண்டிப் பார்த்தால் ஓடு மாதிரி இறுகிய அடுக்கு. செடிகளுக்கு நடுவே நான் நடந்து நடந்து மிதித்த வழி அது. அங்கே இருந்த செடியின் வேர் அந்த அடுக்கைத் தொட்டதும் வளைந்து பக்கவாட்டில் ஓடியிருந்தது.

அதற்குப் பிறகு பாத்திக்குள் காலே வைப்பதில்லை. கொத்துவதையும் நிறுத்தினேன். ஒவ்வொரு பருவத்திலும் மேலாக 5 செ.மீ. மக்கு உரம், அதன் மேல் காய்ந்த இலை மூடாக்கு. எப்போதும் ஏதாவது ஒரு செடியின் வேர் மண்ணில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை அதே இடங்களில் கம்பியை இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று குறித்து வைத்தேன். முதல் ஆறு மாதம் பெரிய மாற்றமில்லை. இரண்டாம் ஆண்டு மழைக்குப் பிறகு அந்த மூலையில் ஒரு நாள் கம்பி வழுக்கிக்கொண்டு முழுதாக உள்ளே போனது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை எந்த எண்ணும் எனக்குக் கொடுத்ததில்லை.

மண் கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் அப்போதிலிருந்து பழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் காய்ந்த கட்டி ஒரு நிமிடத்தில் கரைந்து சேறாகிவிடும். இப்போது அரை மணி நேரம் கழித்தும் கட்டி கட்டியாகவே நிற்கிறது. பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்கள் விடும் பசையும் மண் துகள்களைப் பிடித்துவைத்திருக்கின்றன. கரிமச் சத்து 0.4 சதவீதத்திலிருந்து 0.7-க்கு வந்திருக்கிறது. பிஎச் இன்னும் 8-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. இளம் இலைகள் பச்சையாக வருவதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். ஈரத்துக்கு ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். இறுக்கத்துக்கு எந்த இரும்புக் கம்பியும் போதும். பொய் எண் காட்டி ஒரு பருவத்தைக் கெடுத்த கருவியை என்னால் பரிந்துரைக்க முடியாது.

போன மாதம் என் மீட்டரின் உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போனது. அன்று மாலையே பற்றவைத்துச் சரிசெய்துவிட்டேன். பிஎச் எண்களின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த மூலையில் நீங்களே ஒருமுறை குத்திப் பாருங்கள் என்று நண்பரைக் கூப்பிட்டிருக்கிறேன்.