கோடாக்ஸ் டிடி600, 5 வருஷத்துக்கு அப்புறம்: ஃபிளாஷ் விலையோட பேட்டரி செல் விலையையும் சேத்துப் பாருங்க

சொந்தக்காரப் பசங்க, ஆபீஸ் நண்பர்கள்னு யாராவது ஒருத்தர் புதுசா கேமரா வாங்கிட்டு "அண்ணே, கம்மி விலையில எந்த ஃபிளாஷ் வாங்கலாம்"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா ஒரே தடவையா எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் முழுநேர போட்டோகிராபர் கிடையாது, வேலை வேற. லீவு நாள்ல சொந்தபந்தத்துல நடக்குற காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் இதுக்கெல்லாம் நான்தான் போட்டோ. கேமரா நிக்கான் டி5300. 2019 கடைசியில வாங்குன கோடாக்ஸ் டிடி600தான் இன்னைக்கு வரைக்கும் மெயின் ஃபிளாஷ்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு வச்சிருந்தேன், பேர் வேணாம், 2 ஆயிரத்துக்குள்ள கிடைச்சுச்சுன்னு வாங்குனது. பெரியப்பா பொண்ணு, அந்த அக்கா மகனுக்கு குலதெய்வம் கோயில்ல காதுகுத்து. வெளியில சாமியானா போட்டு கீழ ஜமுக்காளம் விரிச்சிருந்தாங்க, மதியம் 12 மணி, பின்னாடி வெயில் கண்ணக் கூசுது, சாமியானாவுக்குள்ள முகமெல்லாம் இருட்டு. அந்த மாதிரி இடத்துல பின்னாடி வானம் வெளுக்காம இருக்கணும்னா 1/200 ஷட்டர், எஃப் 11, ஐஎஸ்ஓ 100னு வைக்கணும், அப்ப ஃபிளாஷை ஃபுல் பவர்ல அடிச்சாத்தான் முகம் தெரியும். தாய்மாமன் மடியில, அதாவது எங்க அண்ணன் மடியில குழந்தை உக்காந்திருக்கு, ஆசாரி ஒரு காது குத்தும்போது எடுத்துட்டேன், சரியா விழுந்துச்சு. அடுத்த காதுக்கு அவர் கைய மாத்துறாரு, ஃபிளாஷ் பின்னாடி ரெடின்னு காட்டுற அந்த சிவப்பு லைட் வரவே இல்ல, எண்ணிக்கிட்டே நிக்கிறேன், ஏழு, எட்டு, ஒன்பது... அதுக்குள்ள குத்தி முடிச்சு குழந்தை வீல்னு கத்தி அக்கா கையில போயிடுச்சு. எடுத்த படத்துல பின்னாடி இருக்குற வேப்பமரம் பளிச்சுனு இருக்கு, அண்ணன் முகமும் குழந்தை முகமும் கருப்பா கெடக்கு. அக்கா ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் இன்னும் ஆறல.

அப்பதான் ரீசைக்கிள் டைம்னா, அதாவது ஒருதடவ அடிச்சிட்டு அடுத்ததுக்கு ஃபிளாஷ் ரெடியாக எடுத்துக்குற நேரம்னா, என்னன்னு உக்காந்து படிச்சேன். ஃபிளாஷ் உள்ள ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கு, அது செல்லுல இருந்து கரண்ட்ட இழுத்து நிரம்புனாத்தான் அடுத்த வெளிச்சம். ஃபுல் பவர்னா மொத்தமும் காலி, திரும்ப முழுசா நிரம்பணும். 1/4 பவர்னா கொஞ்சம்தான் செலவாகும், அதனால சட்டுனு ரெடியாகிடும். நான் அன்னைக்குப் போட்டிருந்தது சாதா கடையில வாங்குன அல்கலைன் செல். அதுல 1.5 வோல்ட் இருக்கு, ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுல 1.2 வோல்ட்தான், அப்ப அல்கலைன்தானே ஸ்ட்ராங்னு நெனச்சிட்டேன், விஷயம் அப்படி இல்ல. அல்கலைன் செல்லுக்கு உள்தடை ஜாஸ்தி, ஒரே நேரத்துல நெறைய கரண்ட் கேட்டா கொடுக்க முடியாம தெணறும், பாதி தீந்துட்டா இன்னும் மோசம். ரீசார்ஜபிள் செல் வோல்ட் கம்மியா இருந்தாலும் கேட்ட கரண்ட்ட அள்ளிக் கொடுக்கும்.

அதனால டிடி600 வாங்கும்போதே கணக்க மாத்திப் போட்டேன். ஃபிளாஷ் 5 ஆயிரத்து சொச்சம், எனலூப்னு வர்ற ரீசார்ஜபிள் செல் எட்டு, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பாத்து சார்ஜ் ஏத்துற சார்ஜர் ஒண்ணு, எல்லாம் சேத்துப் பாத்தா செல் செலவே ஃபிளாஷ் விலையில பாதிக்கு மேல வந்துச்சு. வீட்டுல "செல்லுக்கா இம்புட்டு காசு"ன்னாங்க. ஆனா அந்த செல்லெல்லாம் இன்னும் ஓடுது. நாலு நாலா பிரிச்சு மார்க்கர்ல அ1, அ2, ஆ1, ஆ2ன்னு எழுதி வச்சிருக்கேன், ஒரு செட்டுல இருக்குறத இன்னொண்ணோட கலக்கவே மாட்டேன், ஏன்னா நாலும் தொடரா இணைஞ்சு வேலை செய்யுது, ஒண்ணு வீக்கா இருந்தா மத்த மூணையும் அது இழுத்து உக்கார வச்சிடும். நல்லா சார்ஜ் ஏறுன ரீசார்ஜபிள் செல் போட்டா ஃபுல் பவருக்கு 2.6 செகண்டுன்னு கம்பெனி சொல்றான், என் கையில 3 செகண்டு ஆகுது, போதும். சாதா ரீசார்ஜபிள் செல்லும் விலை கம்மியா வருது, ஆனா ரெண்டு மாசம் பைக்குள்ள சும்மா கெடந்தாலே சார்ஜ் தானா எறங்கிடும், எனலூப் மாதிரி சட்டுனு தானா எறங்காத வகைதான் நம்மள மாதிரி எப்பவாவது எடுக்குறவங்களுக்கு சரி. இன்னொண்ணு, பாக்க பென்சில் செல் மாதிரியே அதே சைஸ்ல 14500னு லித்தியம் செல் விக்கிது, ஒவ்வொண்ணும் 3.7 வோல்ட், நாலு போட்டா கிட்டத்தட்ட 15 வோல்ட், ஃபிளாஷ் புகைஞ்சு போயிடும், தயவுசெஞ்சு அத எடுத்துப் போட்டுடாதீங்க.

சரி, ஏன் டிடி600, ஏன் யோங்னுவோ 560 இல்லன்னு கேப்பீங்க. ரெண்டையும்தான் பாத்தேன். டப்பாவுல கைடு நம்பர், அதாவது ஃபிளாஷ் வெளிச்சம் எவ்வளவு பலம்னு காட்டுற நம்பர், ஒண்ணுல 60, இன்னொண்ணுல 58ன்னு போட்டிருக்கும், அத வச்சு முடிவு பண்ணாதீங்க. கோடாக்ஸ் 60னு சொல்றது ஃபிளாஷ் தலைய 200 எம்எம் ஜூம்ல குவிச்சு வச்சு, யோங்னுவோ 58ன்னு சொல்றது 105 எம்எம்ல. டார்ச் லைட்ட குவிச்சா தூரமா அடிக்கிற மாதிரிதான் இதுவும், நாம வீட்டுக்குள்ள 35 எம்எம்ல எடுக்கும்போது அந்த நம்பர் எதுவும் கைக்கு வராது. வெளிச்சத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நான் கோடாக்ஸ் பக்கம் போனது அதோட 2.4 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ் சிஸ்டம்ங்கிற ரேடியோ வசதிக்காக மட்டும்தான். ரிசீவர் உள்ளயே இருக்கு, கேமரா மேல மாட்டி, தள்ளி இருக்குற ஃபிளாஷ அடிக்க வைக்கிற டிரிக்கர் ஒண்ணு வாங்குனா போதும், நாளைக்கு பெரிய ஸ்டுடியோ லைட் வாங்குனாலும் அதே டிரிக்கர் பேசும். யோங்னுவோ 560லயும் மூணாவது மாடல்ல இருந்து ரிசீவர் உள்ளயே வருது, நல்ல ஃபிளாஷ்தான், ஏற்கனவே வச்சிருக்கவங்க மாத்தணும்னு அவசியமே இல்ல. எந்த பிராண்டா இருந்தாலும் ரேடியோ ரிசீவர் உள்ள இல்லாத ஃபிளாஷ இன்னைக்கு வாங்காதீங்க, அவ்வளவுதான்.

டிடிஎல், அதாவது கேமராவே வெளிச்சத்த அளந்து ஃபிளாஷ் பவர தானா வைக்கிற வசதி, இல்லையே, கஷ்டமா இருக்காதான்னு எல்லாரும் கேக்குறாங்க. டிடி600 முழுக்க மேனுவல், 1/1ல இருந்து 1/128 வரைக்கும் நாமதான் திருப்பணும். மொத ரெண்டு விசேஷம் தடுமாறுனேன், பொய் சொல்லல. அப்புறம் ஒண்ணு புரிஞ்சுது, நம்ம வீட்டு விசேஷத்துல ஆளுக நிக்கிற இடம் பெருசா மாறாது. மணையில உக்காந்திருப்பாங்க, வந்து நலங்கு வைப்பாங்க, போவாங்க. வீட்டுல 10 அடி உயரத்துல வெள்ளையடிச்ச காங்கிரீட் கூரைன்னா ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/200, ஃபிளாஷ் தலைய மேல பாத்து 1/8 பவர், அங்க இருந்து ஒரு படி ஏத்தி ஒரு படி எறக்கிப் பாத்தா செட் ஆயிடும், அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் தொட வேண்டாம். டிடிஎல் வச்சிருக்குற நண்பர்கிட்ட வாங்கிப் பாத்தேன், வெள்ளை வேட்டி சட்டையோட பத்து பேர் வந்து நின்னா படம் கொஞ்சம் இருட்டா விழுது, அடுத்து அரக்கு கலர் பட்டுல அத்தைங்க வந்தா வெளிச்சம் தூக்குது, படத்துக்குப் படம் மாறுது. மேனுவல்ல எல்லாப் படமும் ஒரே மாதிரி, எடிட்டிங்ல ஒண்ண சரி பண்ணி மத்ததுக்கெல்லாம் அப்படியே ஒட்டிடலாம்.

ஆனா மாப்பிள்ளை அழைப்பு, பொண்ணு மேடைக்கு நடந்து வர்றது, இந்த மாதிரி ஆள் நகந்துக்கிட்டே இருக்குற இடத்துல மேனுவல் தெணறும், அத மறைக்க முடியாது. 15 அடியில இருக்குறவங்க 7 அடிக்கு வந்தா நேரடி ஃபிளாஷ் வெளிச்சம் நாலு மடங்குக்கு மேல ஏறிடும். காசு வாங்கிக்கிட்டு கல்யாணம் எடுக்கப் போறீங்கன்னா கோடாக்ஸ்லயே டிடி685 மாதிரி டிடிஎல் உள்ளதுக்கு, முடிஞ்சா லித்தியம் பேட்டரி வர்ற வி860க்கு போயிடுங்க. விசேஷ வீட்டுப் போட்டோகிராபிக்கு டிடி600 தாராளம்.

ஹைஸ்பீட் சின்க், அதாவது 1/200ஐ விட வேகமான ஷட்டர்லயும் ஃபிளாஷ் அடிக்கிற வசதி, இருக்குன்னு சொல்லி ஆயிரம் ரெண்டாயிரம் ஜாஸ்தி கேப்பாங்க, மொதல்ல உங்க கேமரா அத செய்யுமான்னு பாருங்க. நிக்கான்ல 3000 சீரிஸ், 5000 சீரிஸ் எதுவும் செய்யாது, 1/200தான் எல்லை. என் டி5300ல அதுக்குக் குடுக்குற காசு வீண். கேனான் வச்சிருக்கவங்க இன்னொண்ணு பாக்கணும், 200டி மார்க் 2, 3000டி மாதிரி சில கேமராவுல ஃபிளாஷ் மாட்டுற எடத்துல நடுவுல இருக்குற அந்த வட்டப் புள்ளிய எடுத்துட்டான், டிடி600 மாதிரி ஒத்தை பின் ஃபிளாஷ் அதுல மாட்டுனா அடிக்காது. கேமரா தலைய ஒருதடவ பாத்துட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க. சோனின்னா டிடி600எஸ்னு தனியா வருது.

கூரையில பவுன்ஸ் பண்றதப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம மாநிறத்துக்கும் கருப்புக்கும் நேரா ஃபிளாஷ் அடிச்சா நெத்தியிலயும் மூக்கு மேலயும் வேர்வை வெள்ளை வெள்ளையா மின்னும், பட்டுச்சேலை ஜரிகை வெந்து போன மாதிரி தெரியும், பின்னாடி சுவத்துல கருப்பா நிழல். தலைய மேல திருப்புனா அதே முகம் அவ்வளவு அழகா, தோலோட உண்மையான நிறம் தெரியுற மாதிரி வரும். எங்க அம்மாவ நான் எடுத்த படங்கள்ல அவங்களுக்குப் பிடிச்ச ஒரே படம் அப்படி எடுத்ததுதான். ஆனா கூரை பச்சையா ரோஸா இருந்துச்சுன்னா அந்த நிறம் அப்படியே முகத்துல எறங்கிடும். ஒரு கிரகப்பிரவேசத்துல ஹால் முழுக்க இளம்பச்சை, என்ன பண்றதுன்னு தெரியாம சித்தப்பாவோட சலவை வேட்டி ஒண்ண வாங்கி ரெண்டு பசங்கள விட்டு சைடுல விரிச்சுப் பிடிக்கச் சொல்லி அதுல அடிச்சேன், அவ்வளவு நல்லா விழுந்துச்சு. இப்ப பையில எப்பவும் ஒரு வெள்ளை வேட்டி இருக்கும். கல்யாண மண்டபத்துல கூரை 20 அடிக்கு மேல, அங்க பவுன்ஸ் எதிர்பாக்காதீங்க, கேமராவ விட்டு ஃபிளாஷ கழட்டி ஸ்டாண்டுல வெள்ளைக் குடை போட்டு சைடுல வச்சிடுங்க, டிரிக்கர் வாங்குனது அதுக்குத்தான்.

டிரிக்கர்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2020 லாக்டவுன்ல விசேஷமே இல்லாம ஏழெட்டு மாசம் எல்லாம் அலமாரியில கெடந்துச்சு. ஃபிளாஷ்ல இருந்து செல்ல எடுத்துட்டேன், டிரிக்கர்ல ரெண்டு அல்கலைன் செல் கெடந்தத மறந்துட்டேன். தெறந்து பாத்தா செல் வாயில வெள்ளையும் பச்சையுமா பொரிஞ்சு, ஸ்பிரிங் மேலெல்லாம் உப்பு மாதிரி படிஞ்சிருக்கு. அடுப்படியில எலுமிச்சம்பழம் ஒண்ண எடுத்து, காது குடையுற பட்ஸ்ல ரெண்டு சொட்டு தொட்டு மெதுவா தேச்சா நுரைச்சுக்கிட்டு கரைஞ்சுது, அப்புறம் ஸ்பிரிட்ல தொடச்சு ஒரு நாள் காய வச்சேன், ஓடிருச்சு. ஸ்பிரிங்குல முலாம் போயி கருத்துக்கெடக்கு, ஆனா வேலை செய்யுது. ஃபிளாஷையும் அப்படி மாசக்கணக்கா போடாதீங்க, கெபாசிட்டர் சோம்பிப் போயிடும், மாசம் ஒருதடவ செல்லப் போட்டு ஃபுல் பவர்ல பத்து தடவ விட்டு விட்டு அடிச்சு வைங்க. வேகமா அடிக்காதீங்க, தொடர்ந்து 30 ஃபுல் பவர் அடிச்சா 10 நிமிஷம் ஓய்வு குடுக்கணும்னு மேனுவல்லயே இருக்கு.

5 வருஷத்துல ஒரே ஒரு சேதம்தான். மொட்டை மாடியில ஸ்டாண்டு காத்துல சாஞ்சு விழுந்து, கேமராவுல மாட்டுற அந்த அடிக்கால் ஒடஞ்சு போச்சு, தப்பு என்னோடது, ஸ்டாண்டு அடியில மணல் மூட்டை கட்டல. ரிப்பேர் கடையில அடிக்கால் மட்டும் மாத்திக் குடுத்தாங்க. ஃபிளாஷ் டியூபும் கண்ணாடியும் இன்னும் புதுசு மாதிரியே இருக்கு. ஒரு சின்ன தொந்தரவு, கேமரா மேல சும்மா ஒன்றரை நிமிஷம் இருந்தா தூங்கப் போயிடும், நல்ல நேரத்துல அடிக்காது. செட்டிங்ல ஸ்டாண்ட்பைய ஆஃப் பண்ணிட்டு வேலைய ஆரம்பிங்க, செல் கொஞ்சம் தின்னும், பரவால்ல.

மாமாவோட பழைய ஸ்டுடியோ ஃபிளாஷ் ஒண்ணு சும்மா கெடக்கு, அத மாட்டலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சு அடியில நடுப்பின்னுக்கும் சைடு தகட்டுக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட்னு பாருங்க. எங்க வீட்டுல இருந்த ஒண்ணுல 180 காட்டுச்சு. நிக்கான் மேனுவல்ல 250க்கு மேல போனாத்தான் ஆபத்துன்னு போட்டிருக்கான், இருந்தும் எனக்கு மனசு வரல. சில கேமராவெல்லாம் அதுல பாதிகூட தாங்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்குறதா இருந்தா உங்க செல்ல சார்ஜ் போட்டு கையோட கொண்டு போங்க. செல் கதவத் தெறந்து ஸ்பிரிங்ல பச்சை படிஞ்சிருக்கான்னு பாருங்க, டியூப் ரெண்டு ஓரத்துலயும் கருத்திருந்தா நெறைய அடிச்சதுன்னு அர்த்தம். ஃபுல் பவர்ல வச்சு கைக்கடிகாரத்தப் பாத்துக்கிட்டே ஆறு தடவ அடிங்க, ஆறாவது தடவையும் 4 செகண்டுக்குள்ள ரெடியாகணும், ஆகலைன்னா என்ன விலை சொன்னாலும் வச்சிட்டு வந்திடுங்க.