ஓம்ரான் எச்இஎம்-7120 பிபி மெஷின்: வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

மேல்கையில் கட்டிப் பார்க்கும் சாதாரண பிபி மெஷின் இது. கடிகாரத்துக்குப் போடுகிற ஏஏ செல் நான்கு போட்டால் ஓடும். அடாப்டர் வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். மேல் பிரஷர், கீழ் பிரஷர், நாடித்துடிப்பு மூன்றும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய எண்ணில் வருவதால் வயதானவர்களும் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். கைபேசிக்கு அனுப்பும் வசதி கிடையாது. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டால் அது பெரிய குறையில்லை. மணிக்கட்டில் கட்டும் மெஷினைவிட இந்த வகைதான் நல்லது. மணிக்கட்டு நெஞ்சு மட்டத்துக்குச் சரியாக இல்லாவிட்டால் அதில் எண் உடனே மாறிவிடும்.

இதன் துல்லியம் கூடவோ குறையவோ 3 மி.மீ. (பிரஷரை அளக்கும் பாதரச மில்லிமீட்டர்) என்று கம்பெனி சொல்கிறது. அந்த 3-ஐ நம்பலாம், கஃப் (கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டை) பொருந்தினால். டப்பாவோடு வருகிற கஃப் 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்குத்தான். தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையைச் சுற்றி அளந்து பாருங்கள். 32-க்கு மேல் போனால் இதை வாங்காதீர்கள், பெரிய கஃப்போடு வரும் மாடலைக் கேளுங்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரண கஃப்பைக் கட்டியபோது மேல் பிரஷர் சராசரியாக 19.5 மி.மீ. கூடுதலாகக் காட்டியது. 125 இருக்கிறவருக்கு 144 என்று வந்தால் தேவையில்லாத மாத்திரையில் போய் முடியும். வேறு கம்பெனி கஃப்பைச் சொருகிப் பார்க்கவும் கூடாது. மெஷினின் கணக்கு அதனுடைய கஃப்புக்காகப் போடப்பட்டது.

அந்தக் கணக்கு இப்படி நடக்கிறது. கஃப் காற்றடைத்து ரத்தக்குழாயை அழுத்துகிறது. பிறகு காற்று மெல்ல இறங்கும்போது குழாயின் துடிப்பு கஃப்புக்குள் சின்னச் சின்ன அதிர்வாக வருகிறது. அந்த அதிர்வு எப்படி ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து மெஷின் இரண்டு பிரஷரையும் கணித்துச் சொல்கிறது. டாக்டரைப் போலக் காதால் கேட்பதில்லை. அதனால்தான் அளக்கும்போது கையை அசைத்தால் எண் தவறுகிறது அல்லது பிழைக்குறி வருகிறது. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுகிறவர்களுக்கு ஒரே உட்காரலில் எண்கள் தாறுமாறாக வரலாம். அவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

கட்டும் முறையில்தான் நம் வீடுகளில் அதிகம் தவறு நடக்கிறது. கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 1 முதல் 2 செ.மீ. மேலே நிற்க வேண்டும். டியூப் உள்ளங்கைப் பக்கமாக நடுவிரலை நோக்கி இறங்க வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையையோ சட்டைக் கையையோ சுருட்டி மேலே ஏற்றாதீர்கள். அது கயிறு கட்டியதுபோல் ரத்தக்குழாயை நெரிக்கும். துணியின் கையைக் கழற்றிவிட்டு அளங்கள், அல்லது தளர்வான நைட்டியில் இருக்கும்போது அளங்கள். தரையில் சம்மணம் போட்டு, கையைத் தொடைமேல் வைத்து அளப்பதும் தப்பு. கை நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் ஏறக்குறைய 8 மி.மீ. கூட்டிக் காட்டும். முதுகு சாயும் நாற்காலி, தரையில் பதிந்த பாதம், மேசைமேல் ஒரு தலையணை, அதன்மேல் கை. இப்படி உட்கார்ந்தால் போதும்.

காப்பி, சிகரெட், நடைப்பயிற்சி எல்லாம் முடிந்து அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். ‘எவ்வளவு வருது?’ என்று பக்கத்தில் இருப்பவர் கேட்க, இவர் பதில் சொன்னால் அதற்கே பிரஷர் ஏறும். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன், இரவில் படுக்கும் முன், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளங்கள். இப்படி 7 நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். முதல் தடவை மட்டும் இரண்டு கையிலும் அளந்து, எதில் கூடுதலோ அந்தக் கையையே வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) போட்ட கையில் கட்டவே கூடாது.

அந்த நோட்டில் எண்ணோடு, முந்தின நாள் தூக்கம், வலி மாத்திரை, ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாவற்றையும் குறித்தால் மெஷினுக்குக் கொடுத்த காசு இரட்டிப்பாகத் திரும்பும். ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். சத்தமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் எழுதுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்தில் தீர்ந்துபோனால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். கஞ்சியில் வடிவதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் வெளியில் வாங்கும் மிக்ஸரும் பரோட்டாவும் இதில் சேரவில்லை. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

திரையில் 180/120-க்கு மேல் வந்தால் ஒரு நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் இருந்தால் மறுபடி அளக்கக்கூட நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

டியூபை மடக்கிச் சுருட்டி டப்பாவில் திணித்தால் வெடிப்பு விடும், காற்று கசியும். கஃப்பைத் தண்ணீரில் நனைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பழைய செல்லோடு புதுச் செல்லைக் கலந்து போடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் எடுத்துப் போய் அவர் கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.