ட்ரிப் ஏற்றுமுன் கழுத்து நரம்பைப் பாருங்கள்

இந்த முறை ஊருக்கு வந்து பார்த்ததில் கண்ணை விட்டு அகலாதது ஒரு சலைன் பாட்டில். வைரஸ் காய்ச்சல் விட்டுப் பத்தாம் நாள், சோர்வு, மாடி ஏறினால் மூச்சிரைப்பு என்று கிளினிக்குக்கு வந்த 26 வயதுப் பையன். வந்தவுடன் ட்ரிப். சோர்வு என்றால் பாட்டில் என்பது நமக்குத் தெரிந்த கதைதானே. நான் இருக்கும் வெளிநாட்டிலானால் "பாராசிட்டமால் போடு, தூங்கு" என்று அனுப்பிவிடுவார்கள். எரிச்சலாக வரும், ஆனால் அதனால் நுரையீரலில் நீர் கோர்க்காது.

காய்ச்சல் இல்லை, படுத்திருக்கும்போதே நாடி 128, பிரஷர் 94/70, கை கால் சில்லிட்டிருக்கிறது. இதை நீர்ச்சத்துக் குறைவு என்று எடுத்துக்கொண்டதுதான் பிசகு. உடம்பில் நீர் வற்றியவனுக்குக் கழுத்து நரம்பு (இதயத்துக்குத் திரும்பும் ரத்தக் குழாய்) அமுங்கிக் கிடக்கும். இவனுக்கு 45 டிகிரி சாய்த்தும் தாடை வரை புடைத்திருந்தது. இதயத் தசை அழற்சியில் பம்ப் தளர்ந்து, ரத்தம் பின்னால் தேங்குகிறது என்று பொருள். அரை லிட்டர் நார்மல் சலைனில் உப்பே 4.5 கிராம். இரண்டாவது பாட்டில் பாதி இறங்குமுன் இருமல், படுக்க முடியவில்லை, ஆக்சிஜன் 86. ட்ரிப்பைக் கழற்றி, நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு 40 மில்லிகிராம் ஊசி போட்டபின்தான் மூச்சு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அப்படியே தலைகீழ். ஈசிஜி, ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். வெளிநாட்டில் அவசரப் பிரிவில் காத்திருப்பவர்களுக்கு இது பொறாமையாக இருக்கும். ஈஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 25 (55க்கு மேல் இருக்கவேண்டும்). ஈசிஜி மாரடைப்பு மாதிரியே இருந்ததால் ஆஞ்சியோ எடுத்து இதய ரத்தக் குழாய்களைப் பார்த்தார்கள், அடைப்பில்லை. பின்னால் எடுத்த எம்ஆர்ஐயில் தழும்பு தசையின் வெளி அடுக்கில். மாரடைப்பானால் உள் அடுக்கிலிருந்து தொடங்கும்.

சொந்தக்காரர்கள் ஸ்டீராய்டு கேட்டார்கள். எல்லாருக்கும் அது கொடுத்துப் பலனில்லை என்று 1995இலேயே ஆய்வு வந்துவிட்டது. இந்த அழற்சியில் ஜயன்ட் செல் போன்ற அரிய வகைகளுக்குத்தான் அவசியம், அதைக் கண்டுபிடிக்க பயாப்ஸி (இதயத் தசைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்தான பீட்டா பிளாக்கரை, நாடியைக் குறைக்கிறேன் என்று இந்தக் கட்டத்தில் தொடக்கூடாது: அந்த 128தான் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிறது. சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் கீழே போய், லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாததைக் காட்டும் ரத்த அளவு) ஏறினால் எக்மோ (இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் இயந்திரம்) இருக்கும் இடத்துக்கு அப்போதே மாற்றவேண்டும், மறுநாள் அல்ல.

இவ்வளவும் செய்தவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் கோட்டைவிட்டார்கள். மாத்திரைகள் ஒரு பக்கம் நிறைய. தினமும் காலையில் எடை பார், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் வா என்று இல்லை. டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம் என்று இல்லை. ஈஎஃப் சரியானாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தாதே என்று இல்லை. மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டம், ஜிம் எதுவும் கூடாது என்பதும் இல்லை. பையன் நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வியே, திங்கட்கிழமை கிரிக்கெட் ஆடலாமா என்பது.